டெங்கு காய்ச்சல்: வார்டுல எங்ககிட்ட அடிக்கடி கேக்குற கேள்விங்களும் பதிலும்

வேலூர் பக்கம் ஐப்பசி பொறந்து மழை பிடிச்சுதுன்னா காய்ச்சல் வார்டுல கட்டில் கிடைக்கிறதே கஷ்டம். நான் அங்க நர்சா வேலை செய்யிறேன். காட்பாடி, குடியாத்தம், அணைக்கட்டு, ஆற்காடுன்னு எந்தப் பக்கத்துல இருந்து வந்தாலும் ஜனங்க கேக்குறது ஏறக்குறைய ஒரே கேள்விங்கதான், அதுலயும் முக்கால்வாசி பேரு பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவுற அணு) எவ்ளோன்னுதான் கேக்குறாங்க, காய்ச்சல் விட்ட பிறகு என்ன பாக்கணும்னு யாரும் கேக்குறதில்ல. அதைச் சொல்லணும்னுதான் இதை எழுதுறேன். டாக்டரைப் பாக்காம இதை மட்டும் படிச்சுட்டு வீட்டுல இருந்துடாதீங்க, டாக்டர் சொல்றது உங்களுக்கு நல்லா புரியணும்னு எழுதினது இது.

டெங்கு எப்படி வருது சிஸ்டர்? பக்கத்துல படுத்தா ஒட்டிக்குமா?

ஒட்டாது. தொட்டா, ஒரே தட்டுல சாப்பிட்டா, இருமினா எல்லாம் வராது. ஏடிஸ்னு ஒரு கொசு, கால்ல வெள்ளை வெள்ளையா பட்டை இருக்கும், அது டெங்கு இருக்கிறவரைக் கடிச்சுட்டு சில நாள் கழிச்சு உங்களைக் கடிச்சா வரும். கடிச்சதுல இருந்து 4 முதல் 10 நாளுக்குள்ள காய்ச்சல் ஆரம்பிக்கும். இந்தக் கொசு பகல்ல கடிக்கும், காலையில வெயில் ஏர்ற நேரமும் சாயங்காலம் இருட்டுறதுக்கு முன்னாடியும் அதிகம். அதனால காய்ச்சல்ல படுத்திருக்கிறவங்களுக்கு பகல்லயும் கொசுவலை கட்டுங்க. அவங்களைக் கொசு கடிக்காம இருந்தா வீட்டுல மத்தவங்க தப்பிச்சாங்க.

காய்ச்சல் வந்துக்கினு போய்க்கினு இருக்குது, இது டெங்குவா வேற காய்ச்சலா?

டெங்கு பெரும்பாலும் திடீர்னு தூக்கி அடிக்கும். காலையில நல்லா இருந்தவரு சாயங்காலம் 103, 104ல படுத்துடுவாரு. தலைவலி, கண்ணுக்குப் பின்னாடி வலி, கை கால் மூட்டு இடுப்பெல்லாம் உடைச்சுப் போட்ட வலி, வாந்தி, சாப்பாடு பிடிக்காது, முகம் செவந்து போகும், சிலருக்கு தோல்ல தடிப்பு. ஆனா முதல் ரெண்டு நாள் பார்த்த உடனே இதுதான்னு யாராலயும் அடிச்சு சொல்ல முடியாது.

நம்ம ஊருக்குன்னு ஒரு விஷயம் இருக்கு, இதைக் கண்டிப்பா சொல்லணும். இதே மழைக்காலம், குளிர்காலத்துலதான் ஸ்க்ரப் டைபஸ்னு இன்னொரு காய்ச்சலும் வேலூர் சுத்துவட்டாரத்துல நிறைய வருது. புதர், காடு, வயக்காட்டுல இருக்கிற கண்ணுக்கே தெரியாத சின்னப் பூச்சி கடிச்சு வர்றது. அதுலயும் காய்ச்சல், தலைவலி, பிளேட்லெட் குறையிறது எல்லாம் அப்படியே இருக்கும். வித்தியாசம் என்னன்னா அதுக்கு மருந்து இருக்கு, டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் மாதிரி மாத்திரையில கேக்கும், விட்டுட்டா நுரையீரல் கிட்னி வரைக்கும் போயிடும். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழ, இடுப்புல துணி கட்டுற இடம், இங்கல்லாம் கருப்பா பொருக்கு தட்டி சுத்தி செவந்து ஒரு சின்னப் புண்ணு இருக்கான்னு வீட்டுலயே பாருங்க, வலிக்காது அதனால நோயாளிக்கே தெரியாது. இருந்துச்சுன்னா டாக்டர்கிட்ட வாய் விட்டு சொல்லுங்க. பெண்கள் வெக்கப்பட்டு சொல்லாம விட்டுடுறாங்க. ஒரு வாரம் தாண்டியும் காய்ச்சல் விடலைன்னா டெங்குதான்னு நினைச்சுக்கிட்டு உக்காராதீங்க, டெங்கு காய்ச்சல் பொதுவா 2 முதல் 7 நாள்தான். டைபாய்டு, மலேரியா, எலிக்காய்ச்சல்னு தேட வேண்டியது நிறைய இருக்கு.

எந்த டெஸ்ட் எடுக்கணும்?

முதல் 5 நாளுக்குள்ள என்எஸ்1, அது வைரஸோட புரதத்தைத் தேடுற டெஸ்ட். அஞ்சாம் நாளுக்கு மேல ஐஜிஎம், அது உடம்பு உண்டாக்குற எதிர்ப்பணுவைத் தேடுறது. நாள் மாத்தி எடுத்தா நோய் இருந்தும் இல்லைன்னு வரும். கார்டு டெஸ்ட்ல நெகட்டிவ் வந்தா டெங்கு இல்லவே இல்லைன்னு அர்த்தம் கிடையாது, அரசு கணக்குல எலிசான்ற லேப் முறையில செய்யிறதைத்தான் உறுதின்னு எடுத்துக்கிறாங்க. இந்த டெஸ்டை விட தினமும் எடுக்கிற சிபிசிதான் (ரத்த அணுக்களை எண்ணுற டெஸ்ட்) எங்களுக்கு வழி காட்டும், முதல் நாளே ஒண்ணு எடுத்து வச்சுக்கிட்டா பின்னாடி ஒப்பிட்டுப் பாக்க ரொம்ப உதவும்.

காய்ச்சல் விட்டுடுச்சு சிஸ்டர், வீட்டுக்குப் போலாமா?

அதிகமா கேக்குற கேள்வி இதுதான், பதிலும் எல்லாரும் எதிர்பாக்குறதுக்கு நேர் எதிர்.

டெங்கு மூணு கட்டமா போகும். முதல் கட்டம் காய்ச்சல். ரெண்டாவதுதான் ஆபத்தான கட்டம், அது காய்ச்சல் இறங்குற நேரத்துல ஆரம்பிக்குது, பெரும்பாலும் மூணாம் நாள்ல இருந்து ஏழாம் நாளுக்குள்ள, 24 முதல் 48 மணி நேரம் இருக்கும். மூணாவது தேர்ற கட்டம். உடம்பு சூடு குறைஞ்சதும் ஆயா நெத்தியைத் தொட்டுப் பார்த்துட்டு ‘விட்டுடுச்சு, குளிப்பாட்டி விடு’ன்னு சொல்லுவாங்க, வீட்டுல எல்லாரும் அப்பாடான்னு தூங்கப் போவாங்க, நாங்க வார்டுல அந்த நேரத்துலதான் மணிக்கொரு தடவை பிரஷர் பாக்க ஆரம்பிப்போம்.

அப்போ உள்ள என்ன நடக்குதுன்னா ரத்தக்குழாய் சுவரெல்லாம் தளர்ந்து, பானையில தண்ணி கசியிற மாதிரி ரத்தத்துல இருக்கிற நீர் பாகம் வெளிய கசிஞ்சுடுது. வயித்துல, நுரையீரலைச் சுத்தி போய் நீர் தேங்கும். வெளிய ஒரு சொட்டு ரத்தம் வராது ஆனா குழாய்க்குள்ள ஓட வேண்டியது குறைஞ்சு போச்சு. ரொம்பக் குறைஞ்சா ஷாக், மூளைக்கும் கிட்னிக்கும் ரத்தம் போதாது. டெங்குல உயிர் போறதுக்கு பெரும்பாலும் இந்தக் கசிவுதான் காரணம். எல்லாருக்கும் இது வராது, நிறைய பேருக்கு காய்ச்சல் விட்டு அப்படியே சரியாயிடும். யாருக்கு வரும்னு முன்னாடியே சொல்ல முடியாது, அதனாலதான் காய்ச்சல் விட்ட பிறகு ரெண்டு நாள் எல்லாரையும் கண்ணை எடுக்காம பாக்கணும்னு கெஞ்சுறோம்.

வீட்டுல எதைப் பார்த்தா உடனே கிளம்பணும்?

விடாத வயித்து வலி. வாந்தி திரும்பத் திரும்ப எடுத்து தண்ணி கூட நிக்காதது. பல் ஈறு, மூக்குல ரத்தம், மலம் தார் மாதிரி கருப்பா போறது, பெண்களுக்கு மாதவிடாய் நேரம் இல்லாதப்போ ரத்தம் போறது இல்ல வழக்கத்தை விட அதிகமா போறது. மூச்சு வாங்குறது, வயிறு உப்பிக்கிட்டு வர்றது. ரொம்ப சோர்ந்து எழுப்பினா எழுந்து மறுபடி சாயிறது, அதுக்கு எதிரா புரண்டு புரண்டு படுத்து நிலைகொள்ளாம தவிக்கிறது, ரெண்டுமே அபாயம்தான். கை கால் ஜில்லுனு ஆகி வேர்க்கிறது. அப்புறம் ஒண்ணுக்கு போகாதது, 6 மணி நேரமா போகலைன்னா காத்திருக்காதீங்க. குழந்தைன்னா கண்ணீர் வராம அழுறது, நாக்கு காஞ்சு போறது, பால் குடிக்காதது. இதுல ஒண்ணே ஒண்ணு இருந்தா போதும், ராத்திரி 2 மணியா இருந்தாலும் 108க்குப் போன் பண்ணுங்க.

பிரஷர் 100 இருக்குதுன்னு சொன்னாங்களே, அப்புறம் ஏன் ஐசியூன்றாங்க?

கீழ் பிரஷர் எவ்ளோன்னு கேளுங்க. சாதாரணமா மேல 120 கீழ 80ன்னா நடுவுல 40 வித்தியாசம் இருக்கு. டெங்குல கசிவு ஆரம்பிச்சா உடம்பு ரத்தக்குழாயை இறுக்கிப் பிடிச்சு சமாளிக்கப் பாக்கும், அதுல கீழ் பிரஷர் ஏறும், மேல் பிரஷர் அப்படியே நிக்கும். 100க்கு 85ன்னு வந்தா வித்தியாசம் 15தான். 20 இல்ல அதுக்குக் கீழ போனாலே ஷாக் ஆரம்பிச்சுடுச்சுன்னு எடுத்துக்கிறோம். இந்த நேரத்துல நோயாளி தெளிவா பேசுவாரு, பசங்க போன் கூட கேப்பாங்க, அதைப் பார்த்து நல்லாதானே இருக்கான்னு சொந்தக்காரங்க எங்ககிட்ட சண்டைக்கு வருவாங்க. மேல் பிரஷர் விழுந்த பிறகு நிலைமை சில நிமிஷத்துல கைமீறிப் போகும். விழுறதுக்கு முன்னாடி பிடிச்சாதான் டிரிப்ஸ் பாட்டில்லயே காப்பாத்தலாம்.

பிளேட்லெட் 40 ஆயிரத்துக்கு வந்துடுச்சு, ஏத்த மாட்டேன்றாங்க, இன்னா பண்றது?

பயம் புரியுது. 1.5 லட்சத்துக்கு மேல இருக்க வேண்டியது 40 ஆயிரம்னு பேப்பர்ல பார்த்தா யாருக்கும் வயித்தைக் கலக்கும். ஆனா ரத்தக்கசிவு இல்லாம இருக்கிறவருக்கு 40 ஆயிரத்துல, 20 ஆயிரத்துல ஏத்துறதுனால நன்மை எதுவும் இல்ல, ஏத்தினதும் சில மணி நேரத்துல அழிஞ்சு போயிடும், அலர்ஜி வரலாம், நீர் ஏறி மூச்சுத் திணறல் வரலாம். 10 ஆயிரத்துக்குக் கீழ போனா, இல்ல நெசமாவே ரத்தம் போனா, அப்பதான் யோசிப்பாங்க. உடம்பு தேர்ற கட்டத்துக்கு வந்ததும் எண்ணிக்கை தானா ஏறும், ஒரு நாள் 30 ஆயிரம் இருந்தது ரெண்டு நாள்ல 90 ஆயிரம் ஆகுறதை நாங்க பாத்துக்கிட்டேதான் இருக்கோம்.

அதே பேப்பர்ல பிசிவின்னு ஒரு வரி இருக்கும், சில லேப்ல ஹெமடோகிரிட்னு போடுவாங்க, ரத்தத்துல சிவப்பணு எத்தனை சதவீதம்னு சொல்றது. அதைப் பாருங்க. காய்ச்சல் ஆரம்பத்துல 36 இருந்தது 44 ஆச்சுன்னா ரத்தம் ஊறிடுச்சுன்னு சந்தோஷப்படுறவங்க இருக்காங்க, அது ரத்தம் ஊறினது இல்ல, நீர் வெளிய போய் ரத்தம் கெட்டியானது. ஆரம்பத்துல இருந்ததை விட 20 சதவீதம் ஏறினாலே கசிவுக்கு அடையாளம். பிளேட்லெட் வேகமா இறங்கி, கூடவே பிசிவி ஏறுதுன்னா அந்த ரிப்போர்ட்டைப் பையில வச்சுக்கிட்டு நாளைக்குப் பாக்கலாம்னு இருக்காதீங்க.

ரிப்போர்ட்ல ‘அபாய அறிகுறியுடன்’னு போட்டிருக்கு, அப்படின்னா?

முன்னாடி டெங்கு காய்ச்சல், ரத்தக்கசிவு டெங்கு, டெங்கு ஷாக்குன்னு பிரிச்சு வச்சிருந்தாங்க, இன்னமும் அந்தப் பேரை நிறைய டாக்டருங்க சொல்லுவாங்க. 2009ல உலக சுகாதார நிறுவனம் அதை மாத்தி அபாய அறிகுறி இல்லாத டெங்கு, அபாய அறிகுறி இருக்கிற டெங்கு, தீவிர டெங்குன்னு மூணா பிரிச்சுது. தீவிரம்னா கசிவு முத்தி ஷாக், மூச்சுத் திணறல், இல்ல பெரிய ரத்தப்போக்கு, இல்லன்னா கல்லீரல், மூளை, இதயம்னு ஒரு உறுப்பு கடுமையா பாதிச்சிருக்கு. ‘அபாய அறிகுறியுடன்’னா இன்னும் தீவிரம் ஆகலை ஆனா ஆகலாம், அட்மிஷன் போட்டு பாக்கணும்னு அர்த்தம். தீவிர டெங்குவை கவனிக்காம விட்டா 100ல 20 பேருக்கு மேல இறக்கலாம், நேரத்துக்கு கவனிச்சா 1 பேருக்கும் கம்மி. இதுக்குன்னு தனி மருந்து கிடையாது, அளந்து கொடுக்கிற நீரும் கவனிப்பும்தான் அந்த வித்தியாசத்தைக் கொண்டு வருது.

எனக்கு முன்னாடியே ஒருதடவை வந்துடுச்சு, இனிமே வராது இல்ல?

வரும். டெங்கு வைரஸ்ல நாலு வகை இருக்கு. ஒரு வகை வந்தா அந்த வகைக்கு மட்டும்தான் ஆயுசுக்கும் எதிர்ப்பு, மத்த மூணுக்கும் சில மாசம்தான் தாங்கும். அப்புறம் வேற வகை வந்தா பழைய எதிர்ப்பணு புது வைரஸ் மேல போய் ஒட்டும் ஆனா கொல்லாது, அது செல்லுக்குள்ள நுழையிறதுக்கே வழி பண்ணிக் கொடுத்துடும். அதனால ரெண்டாவது தடவைதான் தீவிரமாகுற வாய்ப்பு அதிகம்.

நாலு வகையும் நம்ம ஊர்ல இருக்கான்னு கேக்குறவங்களுக்கு, 1968ல வேலூர்ல டெங்கு பரவினப்போ மனுசங்க ரத்தத்துல இருந்தும் கொசுவுல இருந்தும் நாலு வகையையும் இங்கயே பிரிச்சு எடுத்து ஆராய்ச்சிக் கட்டுரையா போட்டிருக்காங்க. 1960கள்லயே ஒரே நோயாளி ரத்தத்துல சிக்குன்குனியா வைரஸும் டெங்குவும் சேர்ந்து இருந்ததையும் இங்க கண்டுபிடிச்சாங்க. இப்போ புதுசா வந்த நோயின்னு நினைக்கிறோம், நம்ம தாத்தா காலத்துலயே நாலும் இந்தத் தெருவுல சுத்தியிருக்கு.

யாருக்கு கூடுதல் கவனம்?

கர்ப்பிணிங்க, ஒரு வயசுக்குள்ள குழந்தைங்க (அம்மாகிட்ட இருந்து வந்த எதிர்ப்பணுவால முதல் தடவையே தீவிரமாகலாம்), வயசானவங்க, சர்க்கரை, கிட்னி, இதய நோய் இருக்கிறவங்க, உடல் பருமன் இருக்கிற பசங்க. இவங்களை அபாய அறிகுறி இல்லாட்டியும் சீக்கிரமே ஆஸ்பத்திரியில காட்டணும். வீட்டுல கூட ஆள் இல்லாதவங்களும், ஆஸ்பத்திரிக்கு வர ரொம்ப தூரம் இருக்கிறவங்களும் அப்படித்தான். ஜவ்வாது மலை மேல இருந்து ராத்திரி இறங்கி வர்றது எவ்ளோ கஷ்டம்னு அங்க இருக்கிறவங்களுக்குத்தான் தெரியும்.

ஒரு ஊசி போட்டா காய்ச்சல் நிக்குமே?

வேண்டாம், தயவு செஞ்சு கேட்டு வாங்காதீங்க. இடுப்புல போடுற ஊசியால டெங்கு நோயாளிக்கு உள்ளயே ரத்தம் கட்டிக்கும். அந்த ஊசியில பெரும்பாலும் இருக்கிறது டைக்ளோன்ற வலி மருந்து. டைக்ளோ, ப்ரூஃபென், மெஃப்டால், ஆஸ்பிரின் எல்லாம் வயித்துல ரத்தக்கசிவை உண்டாக்கும். மெடிக்கல்ல போய் காய்ச்சலுக்கு நாலு மாத்திரைன்னு கேட்டா கலந்து கொடுத்துடுறாங்க, அட்டை மேல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. பாராசிட்டமால் மட்டும், 6 மணி நேரத்துக்கு ஒண்ணு, நாளைக்கு 4 தடவைக்கு மேல கூடாது, குழந்தைக்கு எடை பார்த்துதான் அளவு. காய்ச்சல் முழுசா இறங்கலையேன்னு மேல மேல கொடுத்தா கல்லீரல் கெட்டுப்போகும், ஏற்கெனவே அது டெங்குல அடி வாங்கி இருக்கும். மிச்ச சூட்டுக்கு ஈரத்துணியால தொடைச்சு விடுங்க. இதயத்துக்காக தினமும் ஆஸ்பிரின் போடுறவங்க தானா நிறுத்தாம டாக்டர்கிட்ட கேளுங்க.

பப்பாளி இலைச் சாறு, நிலவேம்பு கொடுக்கலாமா?

நிலவேம்புக் குடிநீரை அரசே முகாம் போட்டு கொடுக்குது, குடிக்கிறவங்க குடிங்க. ஆனா அதைக் குடிச்சோம்னு டெஸ்ட் எடுக்காம இருக்கிறதும், அபாய அறிகுறியைப் பார்த்தும் வீட்டுல இருக்கிறதும்தான் எனக்கு பயம். பப்பாளி இலையால பிளேட்லெட் ஏறுதுன்னு சில சின்ன ஆய்வுங்க சொல்லுது, உயிரைக் காப்பாத்துதுன்னு நிரூபணம் இல்ல. கசப்புல வாந்தி எடுத்து இருக்கிற நீரும் போச்சுன்னா நஷ்டம்தான். வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு மூக்கைப் பிடிச்சு ஊத்தாதீங்க.

கொடுக்க வேண்டியது ஓஆர்எஸ், உப்பு போட்ட கஞ்சித்தண்ணி, மோர், இளநீர், பழச்சாறு. வெறும் தண்ணியாவே குடிச்சா உப்பு குறையும். ஒரே மூச்சுல குடிக்க வைக்காம ஸ்பூன் ஸ்பூனா விடாம கொடுங்க, 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருதடவை ஒண்ணுக்குப் போனா போதுமான அளவு போகுதுன்னு அர்த்தம். பீட்ரூட், மாதுளை வேண்டாம், வாந்தி செவப்பா வந்தா ரத்தமா ஜூஸான்னு எங்களுக்குத் தெரியாது. கிட்னி, இதய நோயாளிங்க இளநீரும் மத்த நீரும் எவ்ளோன்னு டாக்டரைக் கேட்டுட்டுதான் குடிக்கணும்.

நல்லா இருக்கான், இன்னும் ரெண்டு பாட்டில் ஏத்தி அனுப்புங்களேன்?

தேர்ற கட்டத்துல வெளிய கசிஞ்ச நீரெல்லாம் திரும்ப ரத்தத்துக்குள்ள வரும். அப்போ மேல பாட்டில் போட்டா நுரையீரல்ல நீர் கோத்துக்கும். டிரிப்ஸை நிறுத்துறாங்கன்னா நல்ல சேதி.

உடம்பெல்லாம் அரிக்குது, செவந்து நடுநடுவுல வெள்ளையா இருக்கு?

குணமாகுற அடையாளம். சில நாள்ல போயிடும். அசதி சில வாரம் இருக்கும், சிலருக்கு ரெண்டு மூணு மாசம் கழிச்சு முடி கொட்டும், திரும்ப வளர்ந்துடும்.

எங்க தெரு சாக்கடையை அள்ளவே இல்ல, டெங்கு வராம என்ன பண்ணும்?

சாக்கடை அள்ளச் சொல்லி கேக்க வேண்டியது நியாயம்தான், ஆனா அதுல வளர்றது வேற கொசு. டெங்கு கொசுவுக்கு நல்ல தண்ணி வேணும். பாலாறு வறண்டு கிடக்கிற ஊர் நம்ம ஊர், குழாய்ல சில நாளுக்கு ஒருதடவை தண்ணி விடுவாங்க, அதனால சிமெண்ட் தொட்டி, டிரம், சம்ப், பிளாஸ்டிக் குடம்னு நிரப்பி வச்சுத்தான் ஆகணும், யாரையும் குத்தம் சொல்ல முடியாது. மூடி வைங்க, மூடி இல்லைன்னா வேட்டித்துணியை இழுத்துக் கட்டுங்க. வாரத்துக்கு ஒரு தடவை தண்ணியைக் கொட்டுறது மட்டும் பத்தாது, உள் சுவரை பிரஷ் போட்டுத் தேய்க்கணும், ஏன்னா முட்டை தண்ணி விளிம்புல சுவத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கும், காஞ்சா கூட மாசக்கணக்குல சாகாது, தண்ணி பட்டதும் பொரியும். பொரிஞ்சு கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும், அதனாலதான் வாரம் ஒரு தடவைன்றோம். மொட்டை மாடியில கிடக்கிற டயர், கொட்டாங்குச்சி, வாசல்ல இருக்கிற பழைய ஆட்டுக்கல்லு, ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி தட்டு, கட்டடம் கட்டுற இடத்துல தேங்குன தண்ணி, எல்லாம் பாருங்க. இந்தக் கொசு சில நூறு மீட்டருக்கு மேல பறக்காது, உங்களைக் கடிச்சது பெரும்பாலும் உங்க வீட்டு, இல்ல பக்கத்து வீட்டுக் கொசு.

கொசு ஒழிப்பு பணியாளருங்க வந்து தொட்டியைப் பாக்கணும்னா கதவைத் திறந்து விடுங்க, அபேட்னு கொசுப்புழுவைக் கொல்ற மருந்து ஊத்துனா கொட்டிடாதீங்க. புகை அடிக்கிறது பறக்கிற கொசுவை மட்டும்தான் கொல்லும், தொட்டியில இருக்கிற புழு நாளைக்கு கொசுவாகும்.

தடுப்பூசி இருக்கா?

வெளிநாட்டுல சிலது இருக்கு, இந்தியாவுல எல்லாருக்கும் போடுற மாதிரி இன்னும் வரலை. நம்ம நாட்டுலயே தயாரிச்ச ஒண்ணுக்கு 2024 ஆகஸ்ட்ல ஹரியானா மாநிலம் ரோத்தக்ல மூணாம் கட்ட சோதனையை ஆரம்பிச்சாங்க. நாலு வகைக்கும் சமமா வேலை செய்யணும், இல்லைன்னா மேல சொன்ன ரெண்டாவது தடவை பிரச்சனையை அதுவே உண்டாக்கிடலாம், அதனாலதான் இவ்ளோ காலம் எடுக்குது.

ஆஸ்பத்திரிக்கு வரும்போது என்ன எடுத்துட்டு வரணும்?

சிஎம்சியோ அடுக்கம்பாறை மெடிக்கல் காலேஜோ உங்க பக்கத்து அரசு ஆஸ்பத்திரியோ, எங்க போனாலும் முதல் கேள்வி காய்ச்சல் எந்த நாள், எந்த நேரம் ஆரம்பிச்சுதுன்னுதான் இருக்கும், காலண்டர்ல குறிச்சு வச்சுடுங்க, அதை வச்சுத்தான் ஆபத்தான கட்டம் எப்பன்னு கணக்குப் போடுறோம். இதுவரை எடுத்த எல்லா சிபிசி பேப்பரும், போட்ட மாத்திரை அட்டையும், வெளிய ஊசி போட்டிருந்தா மறைக்காம அதையும். கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போனாங்க, முன்னாடி டெங்கு வந்திருக்கா, கர்ப்பமா, சர்க்கரைக்கு மாத்திரை போடுறாங்களா. கூட வர்றவரு நோயாளி கூடவே இருந்து பார்த்தவரா இருக்கட்டும்.